நிலம் கைவிட்டுப் போன பின்னும்: யூத மரபின் ஏழு விளைச்சல்கள்

பாபிலோனியாவில் இரண்டு யூத அறிஞர்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் ராவ் ஹிஸ்தா, இன்னொருவர் ராவ் ஹம்னுனா. பேரீச்சம்பழமும் மாதுளையும் கொண்டுவந்து வைக்கிறார்கள். ஹம்னுனா பேரீச்சையை முதலில் எடுத்து, அதற்குரிய ஆசிமொழியைச் சொல்லிச் சாப்பிடுகிறார். ஹிஸ்தாவுக்கு உறுத்துகிறது. வேத வசனத்தில் மாதுளைதானே முன்னால் வருகிறது, முந்தி வருவதற்குத்தானே ஆசியிலும் முதலிடம் என்று கேட்கிறார். ஹம்னுனா அமைதியாகக் கணக்குச் சொல்கிறார். அந்த வசனத்தில் 'தேசம்' இரண்டு முறை வருகிறது. முதல் தேசத்திலிருந்து எண்ணினால் மாதுளை ஐந்தாவது, இரண்டாம் தேசத்திலிருந்து எண்ணினால் பேரீச்சை இரண்டாவது. தேசத்துக்கு எது பக்கத்தில் இருக்கிறதோ அதுவே முந்தி. ஹிஸ்தா மகிழ்ந்துபோய், உங்கள் பின்னாலேயே வந்து கேட்டுக்கொண்டிருக்க எங்களுக்கு இரும்புக் கால்களை யார் தருவார் என்கிறார்.

யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தல்மூத் பதிவு செய்திருக்கும் இந்த உரையாடல் 3ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியது. அதற்கு 200 ஆண்டுகளுக்கு முன்பே, கி.பி. 70இல், ரோமானியர்கள் எருசலேம் ஆலயத்தை எரித்துவிட்டார்கள். பேசுகிற இருவருக்கும் இஸ்ரேல் தேசத்துக்கும் நடுவே பெரும் பாலைவனம் கிடக்கிறது. ஆனாலும் தட்டில் இருக்கும் இரண்டு பழங்களில் எதை முதலில் தொடுவது என்பதை, அவை அந்தத் தேசத்துக்கு எவ்வளவு அருகில் நிற்கின்றன என்பதை வைத்தே முடிவு செய்கிறார்கள். யூத மரபில் கனியும் தானியமும் என்ன வேலை செய்கின்றன என்று கேட்பவருக்கு நான் முதலில் காட்டுவது இந்தப் பந்தியைத்தான். ஒரு விவசாயச் சமூகம் வயலையும் தோப்பையும் இழந்தது. விளைச்சலை மட்டும் சட்டமாக, ஆசியாக, அளவாக, நாட்காட்டியாக மாற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு போனது.

அவர்கள் விவாதித்த வசனம் பைபிளின் உபாகமம் 8:8. வாக்களிக்கப்பட்ட நாட்டைக் கோதுமை, பார்லி, திராட்சை, அத்தி, மாதுளை விளையும் தேசம் என்றும், ஒலிவ எண்ணெயும் தேனும் உள்ள தேசம் என்றும் அது சொல்கிறது. இரண்டு தானியம், ஐந்து கனி. எபிரேயத்தில் இவற்றை 'ஷிவாத் ஹமினிம்', அதாவது ஏழு வகைகள் என்பார்கள்.

ஏன் இந்த ஏழு? பாதாம், ஆப்பிள், பயறு வகைகள் எல்லாம் பைபிளில் வேறு இடங்களில் வருகின்றன, ஆனால் இந்தப் பட்டியலில் இல்லை. இதற்கு எனக்கு மிகப் பிடித்த விளக்கம் வானிலையிலிருந்து வருவது. இஸ்ரேலில் நைல் போன்ற ஆறு கிடையாது, வானத்தை நம்பித்தான் பயிர். ஏப்ரல், மே மாதங்களில் பார்லி அறுவடையாகிறது, கோதுமை மணி பிடிக்கிறது, அதே வாரங்களில் ஒலிவமும் திராட்சையும் மாதுளையும் பூக்கின்றன. தல்மூதில் ஒரு குறிப்பு உண்டு: கோதுமை மூன்றில் ஒரு பங்கு முற்றியிருக்கும்போது வடகாற்று அதற்கு நல்லது, ஆனால் காய் பிடிக்கிற ஒலிவத்துக்குக் கெடுதல், தென்காற்று அடித்தால் நேர் எதிர். நினைவில் வைக்க ஓர் அடையாளமும் சொல்லியிருக்கிறார்கள்: ஆலயத்தில் அப்ப மேசை வடக்கே இருந்தது, ஒலிவ எண்ணெய் விளக்கு தெற்கே இருந்தது. ஒரே விவசாயியிடம் கோதுமை வயலும் ஒலிவத் தோப்பும் இருந்தால் அவன் எந்தக் காற்றுக்காக வேண்டிக்கொள்வான்? நியோத் கெதுமிம் என்ற பைபிள் நிலக்காட்சிப் பூங்காவை உருவாக்கிய நோகா ஹரெயுவேனி இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டார். பயிருக்கு ஒரு தெய்வம், காற்றுக்கு ஒரு தெய்வம் என்று இருந்த கானான் சூழலில், முரண்பட்ட இந்தத் தேவைகள் எல்லாம் ஒரே இறைவனின் கையில் இருக்கின்றன என்று சொல்வதற்கே இந்தப் பட்டியல் என்பது அவர் வாதம். பட்டியலின் ஒவ்வொரு பெயரிலும் ஒரு விவசாயியின் கவலை இருக்கிறது என்று இதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஏழாவதாக வரும் தேன் தனிக்கதை. மற்ற ஆறும் செடி, மரம் சார்ந்தவை என்பதால், இதுவும் பேரீச்சம்பழத்தைக் காய்ச்சி எடுக்கும் பாகுதான் என்று யூத மத அறிஞர்களான ரபிகள் பொருள் கொண்டார்கள். இன்றைக்கும் மரபு அதுதான். ஆனால் 2007இல் பெத்ஷேயான் பள்ளத்தாக்கில் உள்ள தெல் ரெஹோவில் தொல்லியலாளர் அமிஹாய் மஸார் தலைமையிலான குழு, வைக்கோலும் களிமண்ணும் கலந்து செய்த சுமார் 30 தேன்கூட்டு உருளைகளை வரிசை வரிசையாகத் தோண்டி எடுத்தது. கி.மு. 10, 9ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை அவை. ஆக, அந்த நாட்டில் தேனீ வளர்ப்பும் பெரிய அளவில் நடந்திருக்கிறது. அதற்காகப் பட்டியலில் பேரீச்சையின் இடம் ஆட்டம் காணவில்லை.

சரி, இந்த ஏழும் வழிபாட்டுக்குள் எப்படி வந்தன? வழி முதற்கனி. தல்மூதுக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பு மிஷ்னா. அதில் இதற்கென்றே 'பிக்குரிம்' என்று ஒரு பகுதி இருக்கிறது, அதன் மூன்றாம் அத்தியாயத்தை யார் வேண்டுமானாலும் ஒரு தடவை படித்துப் பார்க்கலாம். ஒருவன் தன் நிலத்துக்கு இறங்கிப் போகிறான். முதலில் பழுத்த ஓர் அத்தி கண்ணில் படுகிறது, முதல் திராட்சைக் குலை, முதல் மாதுளை. உடனே பறிப்பதில்லை. கோரைப்புல்லால் அதில் ஒரு முடிச்சுப் போட்டு, "இவை முதற்கனிகள்" என்கிறான். பிறகு ஊர்க்காரர்கள் வட்டாரத் தலைமை ஊரில் கூடுகிறார்கள், யார் வீட்டுக்குள்ளும் போகாமல் தெருவிலேயே இரவு தூங்குகிறார்கள். விடிந்ததும் புறப்பாடு. கிட்ட இருப்பவர்கள் புத்தம்புது அத்தியும் திராட்சையும் கொண்டுவருகிறார்கள், தொலைவில் இருப்பவர்கள் உலர்ந்த அத்தியும் உலர்ந்த திராட்சையும். முன்னால் ஒரு காளை. கொம்புக்குப் பொன் பூச்சு, தலையில் ஒலிவக்கிளை மகுடம். எருசலேம் நெருங்கும்வரை குழல் ஒலிக்கிறது. நகரத்துக் கைவினைஞர்கள் வேலையை நிறுத்தி எழுந்து நின்று, இன்ன ஊர்ச் சகோதரர்களே, நலமாக வந்தீர்களா என்று வரவேற்கிறார்கள். ஆலய மேட்டுக்கு வந்ததும் அரசன் அகிரிப்பாவே ஆனாலும் கூடையைத் தன் தோளில்தான் சுமக்க வேண்டும்.

பணக்காரர்களின் கூடை வெள்ளி, பொன். ஏழைகளுடையது தோல் உரித்த ஆற்றலரி (வில்லோ) கொம்பில் முடைந்தது. அங்கே ஒவ்வொருவரும் உபாகமம் 26ஆம் அதிகாரத்தின் அறிக்கையைச் சொல்ல வேண்டும்: அலைந்து திரிந்த ஓர் அரமேயனின் பிள்ளை நான், எகிப்தில் அடிமைப்பட்டோம், மீட்கப்பட்டோம், இதோ இந்த நிலத்தின் கனி என்று போகும் அது. தொடக்கத்தில் எபிரேயம் தெரிந்தவர்கள் தாங்களே சொன்னார்கள், தெரியாதவர்களுக்கு ஒருவர் எடுத்துக்கொடுத்தார். எல்லார் முன்னாலும் அப்படி நிற்கக் கூச்சப்பட்டு, தெரியாதவர்கள் வருவதையே நிறுத்திவிட்டார்கள். அதனால் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஒன்றுபோல எடுத்துக்கொடுப்பது என்று விதியை மாற்றினார்கள். எத்தனையோ சடங்கு விதிகளுக்கு நடுவே, படிக்காத ஓர் உழவனின் கூச்சத்துக்காக மாற்றப்பட்ட இந்த விதியைப் பார்க்கும்போது மனம் நெகிழ்கிறது.

முதற்கனி ஏழு வகைகளிலிருந்து மட்டுமே வரலாம். அதிலும் மலைப்பகுதிப் பேரீச்சை கூடாது, பள்ளத்தாக்குப் பழங்கள் கூடாது. எது எங்கே நன்றாக விளையுமோ அங்கிருந்து வந்தால்தான் ஏற்பு.

தானியங்களுக்கு வேறு கணக்கு. பார்லி முந்தி முற்றும், கோதுமை சில வாரம் கழித்து. 1908இல் கெசேரில் கிடைத்த, கி.மு. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிறிய சுண்ணக்கல் பலகையில் ஆண்டின் மாதங்களே விதைப்பு, பார்லி அறுப்பு, திராட்சைக்கொடி கவாத்து, கோடைக்கனி என்று வேலைகளால்தான் குறிக்கப்படுகின்றன. இந்த வேளாண் காலம்தான் பண்டிகைக் காலமானது. எகிப்திலிருந்து விடுதலை பெற்றதைக் கொண்டாடும் பெசாக் பண்டிகையின் முதல் நாள் முடிந்த இரவில் 'ஓமெர்' என்னும் பார்லிக் கதிரை அறுப்பார்கள். அறுப்பவர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்பார்: "சூரியன் மறைந்ததா?" எல்லாரும் "ஆம்" என்பார்கள். "இந்த அரிவாளா?" "ஆம்." "இந்தக் கூடையா?" "ஆம்." "அறுக்கட்டுமா?" "அறு!" ஒவ்வொரு கேள்வியும் மூன்று மூன்று முறை. இந்த அறுப்பின் தேதியைப் பற்றி வேறொரு யூதப் பிரிவினருடன் இருந்த தகராறில் தங்கள் நிலைப்பாட்டை ஊரறியச் செய்வதற்காகவே இவ்வளவு சத்தமும். ஓமெர் படைக்கப்படும்வரை புதுத் தானியத்தை யாரும் உண்ணக் கூடாது. அங்கிருந்து 49 நாள் எண்ணி, ஐம்பதாம் நாள் ஷாவுவோத் பண்டிகையில் புதுக் கோதுமையில் புளிக்கவைத்துச் சுட்ட இரண்டு அப்பங்கள். பார்லி ஏழைகளின் உணவு, கால்நடைத் தீவனம். கோதுமை நல்ல நாள் உணவு. அடிமைத்தனத்திலிருந்து வெளியேறிய பெசாக்கிலிருந்து, இறைச்சட்டமான தோரா பெற்ற ஷாவுவோத் வரை நடக்கும் பயணத்தை, பார்லியிலிருந்து கோதுமைக்குப் போகும் பயணமாக மரபு பார்ப்பது இதனால்தான். ஷாவுவோத் அன்று பல சபைகள் ரூத்தின் கதையை வாசிப்பதும் பொருத்தம். கணவனை இழந்த மோவாபியப் பெண் ரூத், பார்லி அறுப்பு தொடங்கும்போது பெத்லகேம் வந்து, கோதுமை அறுப்பு முடியும்வரை வயலில் சிந்திய கதிர் பொறுக்குகிறாள். வயலின் ஓரத்தையும் சிந்திய கதிரையும் ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிட வேண்டும் என்ற சட்டம் இருந்ததால்தான் அவள் கதையே நடக்க முடிந்தது.

கி.பி. 70க்குப் பிறகு இவை எதற்கும் இடம் இல்லாமல் போனது. ஆலயம் இல்லையென்றால் முதற்கனி இல்லை, ஓமெர் படையலும் இல்லை. ஆனால் எண்ணிக்கை நிற்கவில்லை. கதிர் அறுக்காமலே இன்றும் யூதர்கள் அந்த 49 இரவுகளை ஒவ்வொன்றாக வாய்விட்டு எண்ணுகிறார்கள்.

ஏழு வகைகளும் அளவுகோலாக மாறியது எனக்கு இன்னும் வியப்பு. உபாகம வசனம் முழுவதுமே அளவுகளுக்காகச் சொல்லப்பட்டது என்று தல்மூதில் ஒருவர் வாதிடுகிறார். பார்லி மணி அளவு எலும்பைத் தொட்டால் தீட்டு. ஓய்வுநாளான சனிக்கிழமையில் உலர் அத்தி அளவு உணவை வீட்டிலிருந்து தெருவுக்கு எடுத்துச் சென்றால் மீறல். வீட்டுப் பாத்திரத்தில் மாதுளை விழும் அளவுக்கு ஓட்டை இருந்தால் அது பாத்திரமே இல்லை, தீட்டும் ஒட்டாது. யோம் கிப்பூர் உபவாசத்தில் பெரிய பேரீச்சை அளவு சாப்பிட்டால் குற்றம். மற்ற பெரும்பாலான உணவு விதிகளுக்கு ஒலிவ அளவு. தோப்பு இல்லாத ஊரிலும், ஒரு குழந்தை சட்டம் படிக்கத் தொடங்கினால் அந்தத் தோப்பை மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

வீட்டு அடுக்களையிலும் ஒரு மிச்சம் உண்டு. நிறைய மாவு பிசையும்போது அதில் ஒரு சிறு உருண்டையைக் கிள்ளி, ஆசி சொல்லி, தனியே எரித்துவிடுவார்கள். முன்பு ஆலய ஆசாரியர்களுக்குப் போன பங்கு அது. ஓய்வுநாள் ரொட்டிக்கு 'ஹல்லா' என்ற பெயர் அந்தப் பங்கிலிருந்து வந்ததுதான். இந்தக் கடமை கோதுமை, பார்லி உள்ளிட்ட ஐந்து தானியங்களுக்கு மட்டும். பெசாக் பண்டிகையில் புளிக்காத அப்பம் செய்யவும் இந்த ஐந்துதான் ஆகும். அந்த வாரம் புளிக்கவிடக் கூடாதவையும் இவைதான். 1906இல் ஆரோன் ஆரோன்சோன் என்ற வேளாண் அறிஞர் கலிலேயாவின் ரோஷ் பினாவில் கோதுமையின் காட்டு மூதாதையைக் கண்டுபிடித்தார் என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். இந்தத் தானியம் அந்த மண்ணுக்கு வந்தேறி இல்லை.

அரிசி என்ன கணக்கு? அது ஐந்தில் சேராது, எனவே புளிப்பு விதியும் பொருந்தாது. தல்மூத் அறிஞர் ராவ் ஹூனா பெசாக் விருந்துக்கு பீட்ரூட்டையும் அரிசியையும் சொல்லியிருக்கிறார். இடைக்காலத்தில் ஐரோப்பாவின் அஷ்கெனாசி யூதர்கள் அரிசியையும் பயறுகளையும் அந்த ஒரு வாரம் விலக்கினார்கள், ஸ்பெயின் வழிவந்த ஸெஃபார்தி சமூகங்கள் பலவும் விலக்கவில்லை. அமெரிக்காவின் கன்சர்வேட்டிவ் பிரிவு 2015இல் இந்தத் தடையைத் தளர்த்தியது.

இந்தியாவுக்கு வந்த யூதர்களிடம் அரிசி சடங்குக்குள்ளேயே நுழைந்துவிட்டது. கொங்கண் கரையின் பெனே இஸ்ரேல் சமூகத்தார், எலியா தீர்க்கதரிசியை நினைத்து 'மலிதா' செய்கிறார்கள்: அவல், துருவிய தேங்காய், சர்க்கரை கலந்து, சுற்றிலும் பழங்கள் அடுக்கி, ஒவ்வொரு பழத்துக்கும் உரிய ஆசியைச் சொல்லிப் பகிர்வார்கள். கொச்சியிலும் கொங்கணிலும் திராட்சரசம் கிடைப்பது கஷ்டம் என்பதால், உலர்திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த சாற்றில்தான் ஓய்வுநாள் ஆசி நடந்தது. தோப்பு மாறினாலும் வசனத்தின் திராட்சையை விட்டுவிடவில்லை.

ஏழில் இல்லாமலே அந்த ஏழு வகைகளையும்விட அதிகப் பாடுபடவைக்கிற கனி ஒன்று உண்டு: எத்ரோக். நம் நார்த்தங்காயின் நெருங்கிய உறவு. சுக்கோத் என்னும் கூடாரப் பண்டிகையில் கையில் எடுக்க வேண்டிய நான்கில் ஒன்றை லேவியராகமம் 'அழகிய மரத்தின் கனி' என்று மட்டும் சொல்கிறது, பெயர் சொல்லவில்லை. மரபு அதை எத்ரோக் என்று கண்டது. மற்றவை பேரீச்சங்குருத்து, மிர்ட்டில் என்ற மணச்செடியின் கொப்பு, ஆற்றலரிக்கொப்பு. எத்ரோக்கின் பூர்வீகம் இமயமலை அடிவாரம், வடகிழக்கு இந்தியப் பக்கம். எருசலேமுக்குத் தெற்கே ராமத் ராஹேலில் பாரசீகர் கால அரண்மனைத் தோட்டத்துக் குளத்தின் சுண்ணாம்புப் பூச்சில் இதன் மகரந்தம் சிக்கியிருந்ததை ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

சுக்கோத் சந்தையில் எத்ரோக் வாங்குகிறவர்கள் பூதக்கண்ணாடியோடு வருவதுண்டு. நுனியில் இருக்கும் காம்பு ஒடிந்திருக்கிறதா, மேல்பகுதியில் புள்ளி இருக்கிறதா, தோல் வாடியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். எலுமிச்சையோடு ஒட்டுக் கட்டிய மரத்தின் கனி செல்லாது என்பதால் இத்தாலியின் கலாப்ரியா தோட்டங்களுக்கு ரபிகள் நேரில் போய் மரத்தின் அடியை ஆராய்கிறார்கள். இந்தக் கனிக்கு அரசியலும் புதிதில்லை. ஆசாரியனும் அரசனுமாக இருந்த அலெக்சாண்டர் யன்னாய் மேல் சுக்கோத் அன்று மக்கள் எத்ரோக்கை எறிந்ததையும், அவன் பழிவாங்கி ஏறக்குறைய 6,000 பேரைக் கொன்றதையும் பழங்கால யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியிருக்கிறார். கி.பி. 132 முதல் 135 வரை ரோமுக்கு எதிராகக் கிளர்ந்த பார் கோக்பாவின் கடிதம் ஒன்று சாக்கடல் குகையில் கிடைத்தது. போர்க்களத்துக்கு நடுவே அவர் கேட்பது ஆயுதம் இல்லை. இரண்டு கழுதைகள் அனுப்புகிறேன், குருத்தும் எத்ரோக்கும் ஏற்றி அனுப்புங்கள், மிர்ட்டிலும் அலரியும் நீங்கள் வேறு ஆட்களை விட்டு எடுத்துவரச் செய்யுங்கள், தசமபாகம் கொடுத்துவிடுங்கள், இங்கே கூட்டம் பெரிது என்கிறார்.

நான்கையும் சேர்த்துப் பிடிப்பதற்கு, ரபிகளின் வேத விளக்கமான மித்ராஷ் சொல்லும் காரணம் இன்றும் பிரசங்கங்களில் வரும். எத்ரோக்குக்கு ருசியும் மணமும் உண்டு: கல்வியும் நற்செயலும் உடையவர்கள். பேரீச்சைக்கு ருசி உண்டு, மணம் இல்லை. மிர்ட்டிலுக்கு மணம் உண்டு, ருசி இல்லை. அலரிக்கு இரண்டும் இல்லை. எல்லாரையும் ஒரே கட்டாகக் கட்டு, ஒருவருக்காக ஒருவர் ஈடு செய்யட்டும் என்கிறார் இறைவன். அலரியை விட்டுவிட்டால் சடங்கே செல்லாது.

மாதுளையைப் பற்றிப் பலரும் கேட்டிருப்பது, அதில் தோராவின் கட்டளைகளைப்போல 613 விதைகள் உண்டு என்பது. தல்மூத் எண் எதுவும் தரவில்லை. உங்களில் வெறுமையானவர்களும் மாதுளை போல நற்செயல்களால் நிறைந்திருக்கிறார்கள் என்றுதான் சொல்கிறது. அந்த அன்பான வாசகம் 613ஐவிட எனக்குப் பெரிதாகப் படுகிறது. தலைமை ஆசாரியரின் அங்கி விளிம்பில் பொன்மணிகளுக்கு இடையே மாதுளைத் தொங்கல்கள் இருந்தன. இன்று தோராச் சுருளின் கோல்களில் மாட்டும் வெள்ளி அலங்காரத்துக்கும் மாதுளை என்றே பெயர். சாலொமோன் ஆலயத்தின் மிச்சம் என்று கருதி 1988இல் இஸ்ரேல் அருங்காட்சியகம் 5,50,000 டாலர் கொடுத்து வாங்கிய தந்த மாதுளையின் எழுத்து பிற்காலப் போலி என்று 2004இல் அறிவிக்கப்பட்டது. தந்தம் உண்மையிலேயே பழையது, சாலொமோனைவிடவும் முந்தியது.

புத்தாண்டில் உண்ணும் சுரை, காராமணி, லீக், பீட்ரூட், பேரீச்சை பற்றித் தல்மூத் அறிஞர் அபாயே தரும் பட்டியலும், அஷ்கெனாசிகளின் தேன் தொட்ட ஆப்பிளும் தனியாக எழுத வேண்டியவை. ஒன்று மட்டும்: ஏதேனின் விலக்கப்பட்ட கனி தல்மூதில் ஆப்பிள் கிடையாது. திராட்சை என்கிறார் ஒருவர், அத்தி என்கிறார் இன்னொருவர், கோதுமை என்கிறார் ரபி யெகூதா. தானியத்தை ருசிக்கும்வரை குழந்தைக்கு அப்பா, அம்மா என்று கூப்பிடத் தெரியாது, ஆகவே அறிவின் மரம் கோதுமைதான் என்பது அவர் காரணம்.

யூத நாட்காட்டியின் ஷெவாத் மாதம் 15ஆம் தேதி, து பிஷ்வாத், முதலில் வரிக்கணக்கு நாள்தான்: அதற்கு முன் வந்த பழம் போன ஆண்டுக் கணக்கு, பின் வந்தது இந்த ஆண்டுக் கணக்கு. பின்னாளில் கபாலா என்ற யூத மறைஞான மரபினர் அதை ஒரு பழ விருந்தாக்கினார்கள். ஓடு உள்ளவை, கொட்டை உள்ளவை, முழுதும் உண்ணக்கூடியவை என்று மூன்று அடுக்காகப் பழங்களை வைத்து, நான்கு கோப்பைத் திராட்சரசத்தோடு. பனி மூடிய கிழக்கு ஐரோப்பாவில் அந்த நாளுக்குக் கிடைத்தது கப்பலில் வந்த காய்ந்த கரோப் நெற்றுதான். பல்லை உடைக்கும் அளவுக்குக் கெட்டியான அதை இஸ்ரேல் தேசத்துப் பழம் என்றே பிள்ளைகள் மென்றார்கள். 2005இல் அதே து பிஷ்வாத் நாளில், இஸ்ரேலின் கெதுரா கிப்புட்ஸ் என்ற கூட்டுப்பண்ணையில் தாவர ஆய்வாளர் எலைன் சோலோவே, மசாதா கோட்டையில் கிடைத்த 2,000 ஆண்டுப் பழைய பேரீச்சங்கொட்டைகளை நட்டார். ஒன்று முளைத்தது. மெத்தூசலா என்று பெயரிட்டார்கள், ஆண் மரம். பிறகு வேறு பழங்கொட்டைகளிலிருந்து முளைத்த ஹன்னா என்ற பெண் மரம் மெத்தூசலாவின் மகரந்தத்தில் 2020இல் 111 பழங்கள் காய்த்தது. தேசத்தோடு சேர்ந்து அழிந்துபோனதாக நினைத்த யூதேயப் பேரீச்சை இனத்தின் கொட்டை அது.

ஒலிவ அளவுச் சிக்கலும் பாக்கி இருக்கிறது. பெசாக் இரவில் புளிக்காத அப்பத்தை ஓர் ஒலிவ அளவாவது உண்ண வேண்டும். வட பிரான்சிலும் ஜெர்மனியிலும் இருந்த இடைக்கால ரபிகளில் பலர் ஒலிவ மரத்தைக் கண்டதே இல்லை. தல்மூதின் வேறு வாசகங்களை ஒப்பிட்டு, ஒலிவம் என்பது அரை முட்டை அளவு என்று முடிவு செய்தார்கள். நிஜ ஒலிவம் அதில் சிறு பங்குதான். அதனால் இன்றும் பல வீடுகளில், இன்ன நிமிடத்துக்குள் தின்று முடிக்க வேண்டும் என்று பெரிய பெரிய துண்டு அப்பத்தை மூச்சுமுட்ட மெல்லுகிறார்கள். கலிலேயாவில் பல நூறு ஆண்டு வயதுள்ள ஒலிவ மரங்கள் இன்னும் காய்க்கின்றன, அவற்றின் காயும் இப்போதைய காய் அளவுதான் என்று காட்டி, சிறு துண்டே போதும் என்று சொல்லும் ரபிகள் இஸ்ரேலில் இருக்கிறார்கள். முன்னோர் ஏற்ற அளவை மரத்தைப் பார்த்து மாற்றுவதா என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரே மேசையில் தாத்தா அரை முட்டைக் கணக்கிலும் பேரன் நிஜ ஒலிவக் கணக்கிலும் அப்பத்தை உடைப்பது இன்று நடக்கக்கூடியதுதான். இரண்டு பேரும் ஒரே வசனத்துக்குத்தான் கட்டுப்பட்டிருக்கிறார்கள்.